எலுமிச்சை முள்ளில் கீச்சான்

பறவைகளில் கீச்சான் குடும்பம் என்று ஒன்று இருப்பதே எனக்கு முப்பத்தைந்து வயதுவரை தெரியாது. எங்கள் தோட்டத்தில் பறவைகளைப் பிரிக்கும் முறை வேறு. கத்தினால் வீட்டில் கெட்டது நடக்கும் என்று சொல்லப்படுபவை ஒரு வகை. ஆந்தை, கோட்டான் எல்லாம் அதில் அடக்கம். பிடித்தால் குழம்பு வைக்கலாம் என்பவை இன்னொரு வகை. கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிறவை மூன்றாவது. இந்த மூன்றிலும் சேராத எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: குருவி. குருவியைப் பற்றி யாரும் எதுவும் யோசிப்பதில்லை. அப்படி யாரும் யோசிக்காத ஒரு குருவியால் என் பிழைப்பும் பெயரும் போகப் பார்த்தன.

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் புள்ளக் காம்பரா பார்க்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இப்போது வாசலில் நீளமான அரசாங்கப் பெயர் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் போய் நின்று பெயர் கொடுக்க வேண்டும், அதற்கு முன் பிள்ளைகளைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிடுவார்கள். சாயங்காலம் கொழுந்தை எடை போட்ட பிறகு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் பதினான்கு பிள்ளைகள். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

கட்டடத்துக்குப் பின்னால் ஓர் எலுமிச்சைச் செடி இருந்தது. யார் நட்டதென்று தெரியாது. காய் குறைவு, முள் அதிகம். ஒவ்வொரு முள்ளும் என் சுண்டுவிரல் நீளம். ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலையில், விறகு எடுக்கப் பின்பக்கம் போனேன். ஒரு பல்லி முள்ளில் கழுத்து குத்தித் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஓடும்போது தானாகக் குத்திக்கொண்டது என்று நினைத்து, குச்சியால் தட்டிவிட்டேன். மறுநாள் ஒரு தவளைக்குஞ்சு. அதற்கு மறுநாள் ஒரு பெரிய வெட்டுக்கிளியும், கண் திறக்காத ஓர் எலிக்குட்டியும். எலிக்குட்டி தலைகீழாகத் தொங்கியது. அதன் வால் மட்டும் காற்றில் ஆடியது.

பல்லி தானாகக் குத்திக்கொள்ளலாம். எலிக்குட்டிக்குக் கண்ணே திறக்கவில்லை, அது எப்படிச் செடியில் ஏறும்? யாரோ செய்திருக்கிறார்கள். அதுவும் எலுமிச்சையில். எங்கள் ஊரில் எலுமிச்சை என்றாலே மனம் போகிற இடம் ஒன்றுதான். வீட்டு வாசலில் வெட்டிய எலுமிச்சம்பழம் கிடந்தாலே அதைத் தாண்டாமல் சுற்றிப் போகிற ஆட்கள் நாங்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஃபெக்டரியில் வேலை செய்கிறார். மெஷினுக்குப் பயப்படாத மனிதர், இதற்கு முகம் வெளுத்துப் போய்விட்டார்.

"நமக்குத்தான் யாரோ வச்சிருக்காங்க. ஒன்பது வருசமா புள்ள இல்லாததுக்கு இதுதான் காரணம்போல. யார்கிட்டயும் மூச்சு விடாத. வெளிய தெரிஞ்சா இன்னும் கெட்டுப் போகும்."

நல்ல புத்திமதி. இதைக் கேட்டதால்தான் மாட்டிக்கொண்டேன்.

தினமும் ஒரு அரை மணி நேரம் முன்னதாகவே போக ஆரம்பித்தேன். மூடுபனிக்குள் தனியாகப் பின்பக்கம் போய், முள்ளில் இருப்பதை எடுத்து, மண்ணைத் தோண்டிப் புதைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். நான் எடுக்க எடுக்க, மறுநாள் புதிதாக இருக்கும். சில நாள் இரண்டு. இது என்னோடு யாரோ போடுகிற போட்டி என்று தோன்றியது. பகலில் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டும்போதெல்லாம் என் முதுகு பின்சுவரின் பக்கமே இருக்கும். எந்தப் பிள்ளையாவது இருமினால் போதும், நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். வைத்தவர்களின் குறி நான் இல்லை, இந்தப் பிள்ளைகள்தான் என்றால்? இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை. அன்று முள்ளில் இருந்தது ஒரு சின்னப் பறவை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டது. தலை பாதிதான் இருந்தது. அதை முள்ளிலிருந்து கழற்ற முடியவில்லை, ஆழமாகக் குத்தியிருந்தது. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்துக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் ரத்தம். திரும்பிப் பார்த்தால், கட்டட மூலையில் கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண் ஒருத்தி நிற்கிறாள், இடுப்பில் பிள்ளையோடு.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. அது அவளுடைய முதல் பிள்ளை, பதின்மூன்று மாதப் பையன். அன்று பெரட்டுக்கு முன் எதையோ வாங்கக் கடைக்குப் போக வேண்டியிருந்ததால் சீக்கிரம் வந்திருக்கிறாள். அவள் கண்டது என்ன? பிள்ளையில்லாத ஒருத்தி, விடியற்காலையில், யாரும் இல்லாத நேரத்தில், எலுமிச்சை முள்ளில் ஓர் உயிரைக் குத்திக்கொண்டிருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கண்டிருப்பேன்.

"தங்கச்சி, நான் இல்ல, நான் எடுக்கத்தான்..." என்று ஆரம்பித்தேன். அவள் பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் அழுத்தி மூடிக்கொண்டு ஓடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நான்கு பிள்ளைகள் வந்தன. புதன்கிழமை ஒன்றும் வரவில்லை. பதினான்கு தொட்டில் சேலைகளும் சும்மா தொங்கின. வேலைக்கு வராத வயசாளிகள் இருக்கிற வீடுகளில் பிள்ளைகளை அவர்களிடம் விட்டார்கள். கீழ் லயத்துப் பெண்ணுக்கு அப்படி யாரும் இல்லை. அவள் பையனைக் கொழுந்து மலைக்கே தூக்கிக்கொண்டு போய், தேயிலைச் செடிக்கடியில், இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை விரித்து உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மழை ஈரம், அட்டை. அதைவிடப் பெரிய பயம் குளவி. எங்கள் மலைகளில் குளவிக் கூடு எந்த மரத்தில், எந்தச் செடியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கலைந்தால் வளர்ந்த ஆட்களே ஓடித் தப்புவது கஷ்டம். நடக்கத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? என்னிடமிருந்து காப்பாற்றுவதற்காக அவனை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். தூரத்தில் யாராவது உரக்கக் கூப்பிட்டால்கூட எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

அந்தப் புதன்கிழமை பத்து மணி போல தலைவர் வந்தார். எங்கள் டிவிஷனின் தொழிற்சங்கத் தலைவர், நியாயமான ஆள்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தாயி, நீ செஞ்சேனு நான் சொல்லல. ஆனா பொம்பளைங்க ஒத்துக்க மாட்டேங்குறாங்க. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு வந்து கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிரு. இந்தப் புள்ளைங்க விசயத்துல நான் எந்தக் கள்ளமும் பண்ணலனு ஒரு வார்த்த. அதோட முடிஞ்சிரும்."

"பண்ணாட்டி?"

"பண்ணாட்டி, நான் தோட்டத்து தொரைகிட்ட போய் வேற ஆளத்தான் கேக்கணும்."

அவருக்கு அது ஒரு வார்த்தை. முள்ளில் நான் எதையும் குத்தவில்லை என்று நூறு கற்பூரம் அணைப்பேன். ஆனால் 'எந்தக் கள்ளமும்' என்றால்?

நான் ஒரு கள்ளம் செய்திருந்தேன். அந்தப் பதின்மூன்று மாதப் பையன் தீபாவளிக்கு முன்பே பேசிவிட்டான். ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்த்து, "அம்மா" என்றான். அதுதான் அவன் முதல் வார்த்தை. அன்று சாயங்காலம் அவனைத் தூக்க வந்தவள், "இன்னைக்காவது ஏதாச்சும் பேசுனானாக்கா?" என்று கேட்டாள். "இல்லையே, இன்னும் ஒண்ணும் பேசலயே," என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு செய்ததெல்லாம் யோசித்துச் செய்தவை. மற்றப் பிள்ளைகள் தூங்கிய பிறகு அவனை மடியில் வைத்துக்கொண்டு, "யாரு? நான் யாரு?" என்று கேட்பேன். அவன் சொல்லுவான். தினமும் கேட்டேன். அவளும் தினமும் கேட்டாள், நானும் தினமும் இல்லை என்றேன்.

பொய்ச் சத்தியம் செய்த ஒருவரின் வாய் கோணிப்போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கவாதம் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். லயத்தில் ஒருவரும் அதை நம்பவில்லை. எனக்கு என் வாயைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. மாரியாத்தா என்னை விட்டுவிட்டு அந்தப் பையனின் வாயை எடுத்துக்கொண்டால்? அவன் பேசவே இல்லை என்று சொன்னவள்தானே நான். அப்படியே ஆகட்டும் என்று அவள் நினைத்துவிட்டால்? இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. காலியான தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

அழுது முடிந்து மூக்கைச் சிந்தும்போதுதான் பின்பக்கம் ஒரு சத்தம். கரகரவென்று, திட்டுவது மாதிரி. பிள்ளைகள் இருந்த நாட்களில் அழுகையிலும் கூச்சலிலும் இது காதில் விழுந்திருக்காது. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். செடியின் உச்சியில் ஒரு குருவி. சிட்டைவிடக் கொஞ்சம் பெரிது, தவிட்டு நிறம், கண்ணுக்குக் குறுக்கே மை அப்பியது போல் ஒரு கறுப்புப் பட்டை. வாயில் பல்லி. அது கீழ்க் கிளைக்கு இறங்கி, பல்லியை ஒரு முள்ளின் மேல் வைத்து, இப்படி இழுத்து அப்படி இழுத்து, குத்தியது. பல்லி துடித்தது. குருவி அலகைக் கிளையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டது.

பேய் இல்லை, மனிதர் இல்லை, ஒரு குருவி என்று தெரிந்தால் பயம் போக வேண்டும்தானே? எனக்கு முதலில் கூடியது. ஏவலுக்கு வந்த குருவியோ என்று நினைத்தேன். பிறகுதான், சீ, என்ன ஆனாலும் இதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்ற புத்தி வந்தது. வாயால் சொன்னால் கதை கட்டுகிறாள் என்பார்கள். போனை எடுத்து நீட்டினேன், அது பறந்துவிட்டது. மறுநாள் வியாழன் காலையிலிருந்து ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைத்து, போனை அந்த இடுக்கில் பிடித்துக்கொண்டு, முழங்காலில் நின்றேன். ஒன்பதரைக்கு ஒரு வெட்டுக்கிளியோடு வந்தது. வீடியோ ஆடுகிறது, ஆனால் எல்லாம் தெரிகிறது.

அதே நாள் பிள்ளைகளை நிறுக்கிற நாள். மிட்வைஃப் மிஸ்ஸி தராசுத் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தவர், உள்ளே ஒரு பிள்ளையும் இல்லாததைப் பார்த்துத் திகைத்து நின்றார். சிங்களப் பெண், பக்கத்துக் கிராமம், எங்கள் தமிழை ஓரளவு பேசுவார். நான் அழுதுகொண்டே போனைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"ஐயோ, இது சபரித்தா தானே! நம்ம வீட்டு முள்ளுத் தோடை மரத்துலயும் இப்புடித்தான் குத்தி வைக்கும். ஒவ்வொரு வருசமும் இந்த மாசத்துல வாறது. இதுக்கா நீ அழுற?"

அந்தச் சிங்களப் பெயரை அவரே என் போனில் அடித்துத் தேடித் தந்தார். படம் வந்தது, அதே முகம், அதே கறுப்புப் பட்டை. அதைப் பிடித்துக்கொண்டு போய்த் தமிழில் பெயரைக் கண்டுபிடித்தேன்: பழுப்புக் கீச்சான். மிஸ்ஸி போன பிறகும் படித்துக்கொண்டே இருந்தேன். தொட்டில் ஆட்ட யாரும் இல்லையே.

சைபீரியா, சீனா பக்கமிருந்து மழைக்காலத்தில் நம் நாட்டுக்கு வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போகிற பறவை. அலகு பருந்தின் அலகுபோல வளைந்து, நுனியில் பல் மாதிரி ஒரு கூர். ஆனால் கால் குருவிக் கால். இரையை அழுத்திப் பிடித்துக் கிழிக்கப் பலம் போதாது. அதனால் முள்ளில் குத்திக் கிழிக்கிறது, மிஞ்சியதைப் பிறகு தின்ன அங்கேயே விட்டு வைக்கிறது. அப்படியானால் நான் காலையில் எடுத்துப் புதைத்ததெல்லாம் அதன் சாப்பாடு. நான் திருடத் திருட அது மறுபடி வேட்டைக்குப் போயிருக்கிறது. என்னோடு போட்டி போட்டது உண்மைதான்.

படித்தவர்கள் இதைப் பருந்தோடு சேர்க்கவில்லை, ஆந்தையோடும் சேர்க்கவில்லை. கிளையில் அமர்ந்து பாடுகிற சின்னப் பறவைகளின் கூட்டத்தில்தான் இதன் குடும்பம் வருகிறது. அதிலும் நெருங்கிய உறவு காகமாம். பெயரில் கீச்சான் இருப்பதெல்லாம் இந்தக் குடும்பமும் இல்லை. குயில்கீச்சான் என்று ஒன்று, குயிலும் இல்லை கீச்சானும் இல்லை. நம் காடுகளில் இருக்கிற மரக்கீச்சானும் பெயரில்தான் கீச்சான், மரபணுவைப் பார்த்து அதை வேறு குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு குருவி எந்தக் குடும்பம் என்று தீர்மானிக்க இத்தனை பேர் உட்கார்ந்து அலகைப் பார்த்து, காலைப் பார்த்து, ரத்தத்தைப் பார்த்து, தப்பாகப் போட்டிருந்தால் எடுத்து மாற்றியும் வைக்கிறார்கள். நான் எந்த வகை என்று தீர்மானிக்க எங்கள் லயத்துக்கு ஒரு காலை நேரம் போதுமாக இருந்தது.

மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போய், எல்லாப் பெண்களின் முன்னாலும் தலைவரிடம் போனைக் கொடுத்தேன். தலைக்கு மேல் தலை வைத்துப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, "அட நாசமாப் போன குருவி!" என்றாள். சிரிப்பு கிளம்பியது. தலைவர் என்னைவிட நிம்மதியாகச் சிரித்தார்.

"இனி என்னா சத்தியம்? கோயிலுக்கும் வேணாம், கற்பூரமும் வேணாம். நாளைக்கு எல்லாரும் புள்ளைங்கள விடுங்க."

கீழ் லயத்துப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் பையனை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நின்றாள். அவன் காலில் அட்டை கடித்த இடத்தில் புகையிலை ஒட்டியிருந்தது. அவன் என்னைப் பார்த்துவிட்டான், உதடு பிரிந்தது. இத்தனை பேர் நடுவில் சொல்லிவிடுவானோ என்று நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டேன். சத்தியம் இல்லை என்று ஆன பிறகுதான் என் பயம் சரியாக முற்றியது. சத்தியத்தில் தப்பித்தேன், குருவி என்னைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் முள்ளுக்குத்தான் அது சாட்சி, என் பொய்க்கு இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பிள்ளைகள் வந்தன. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு சமாதானம் சொன்னாள். ஒருத்தி வாழைப்பழம் கொண்டுவந்தாள். கடைசியாகக் கீழ் லயத்துப் பெண் வந்தாள். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா," என்றாள்.

பையன் இரண்டு கையையும் என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. சொல்லாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"தங்கச்சி, இவன் பேசுறான். தீபாவளிக்கு முன்னாடியே பேசிட்டான். என்னையத்தான் மொதல்ல அம்மானு கூப்பிட்டான். நீ கேட்டப்பல்லாம் இல்லனு பொய் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

கத்துவாள், பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று காத்திருந்தேன். அவள் அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"தெரியும்க்கா. ஞாயித்துக்கெழமை வீட்டுல இருக்கிறப்ப, இந்தப் பக்கம் கையக் காட்டி அம்மா அம்மானு அழுவான். நான் அவன் பக்கத்துலதான் நிப்பேன்."

பையனின் கை இன்னும் என் பக்கமே நீண்டிருந்தது.

"எலிக்கும் பல்லிக்கும் நான் பயப்படலக்கா," என்றாள். "எனக்கு இதுக்குத்தான் பயம். அன்னைக்கு அந்தச் செடிகிட்ட ஒங்களப் பாத்தப்ப, இதுதான் சாக்குனு நெனச்சேன். அதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

சொல்லிவிட்டு அவனை என் கையில் வைத்தாள். வைத்தவுடன் அவன் என் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னான். நான் அவசரமாக அவனைத் திருப்பி, அவளைக் காட்டி, "அந்தா அம்மா. அம்மாவப் பாரு," என்றேன். அவன் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பெரட்டுக்கு நேரமாச்சு என்று சொல்லி அவள் ஓடினாள். பெரட்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.